மூலநிரல் ஒன்று, நிரல்கள் பல

லினக்ஸில் ஒரு திறமூல மென்பொருளை அதன் மூலநிரலிலிருந்து கட்டுவது எப்படி என்று கேட்டால், பெரும்பாலான வழிகாட்டிகள் மூன்று கட்டளைகளைச் சொல்லி முடித்துவிடும்: முதலில் கான்ஃபிகர், அடுத்து மேக், கடைசியில் மேக் இன்ஸ்டால். இவற்றில் நேரம் அதிகம் பிடிப்பது இரண்டாவது. பிழைச்செய்திகள் பக்கம் பக்கமாகக் கொட்டுவதும் அங்கேதான். அதனால் கம்பைலர் ஓடும் அந்தக் கட்டத்தையே வேலையின் மையம் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் கையில் கிடைக்கப்போகும் நிரல் எந்தெந்தக் கோப்பு வகைகளைத் திறக்கும், எந்த மொழியின் எழுத்தைச் சரியாக வரையும், எந்த உரிமத்தின் கீழ் மற்றவருக்குக் கொடுக்கலாம், எந்த அடைவில் போய் உட்காரும் என்பதெல்லாம் முதல் கட்டளை ஓடும் சில நொடிகளிலேயே முடிவாகிவிடுகிறது. திரையில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று நூற்றுக்கணக்கான வரிகள் ஓடி மறையும் அந்தக் கட்டத்தை ஏறக்குறைய யாரும் வாசிப்பதில்லை. 2024ஆம் ஆண்டு உலகெங்கும் உள்ள லினக்ஸ் சேவையகங்களைக் குறிவைத்த ரகசியமாக உள்ளே நுழைய வழிவிடும் ஒரு பின்கதவு ஒளித்து வைக்கப்பட்டதும் அந்த இடத்திலேதான்.

கம்பைலரின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சி மொழியில் எழுதிய கோப்புகளை அது ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. அவை சுட்டும் தலைப்புக் கோப்புகளை, அதாவது செயற்கூறுகளின் அறிவிப்புகள் அடங்கிய கோப்புகளை, உள்ளே விரிக்கிறது. முழுவதையும் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி இடைநிலைக் கோப்புகளாக எழுதி வைக்கிறது. பிறகு லிங்கர் என்னும் இணைப்பான் அவற்றையெல்லாம் ஒன்றாகக் கோத்து, வெளியிலிருந்து வேண்டிய நூலகங்களின், அதாவது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்புகளின், பெயர்களையும் குறித்து, ஓடக்கூடிய ஒரே கோப்பாக முடித்துத் தருகிறது. லினக்ஸில் இந்த வேலைகளை வழக்கமாகச் செய்பவை, கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் க்னூ திட்டத்தின், இணைப்பான் அடங்கிய பின்யூட்டில்ஸ் தொகுப்பும், அத்திட்டம் 1987இல் முதன்முதலில் வெளியிட்ட ஜிசிசி கம்பைலரும்.

எந்தக் கோப்பை எந்த வரிசையில் கம்பைலரிடம் கொடுப்பது என்பதைக் கவனித்துக்கொள்வது மேக். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இதை எழுதினார். மூலக் கோப்பு, அதிலிருந்து பிறந்த கோப்பு ஆகிய இரண்டின் நேரமுத்திரைகளையும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் மறுபடி கட்டுவதே அதன் அடிப்படை உத்தி; ஐம்பது ஆண்டுகளாகியும் அந்த உத்தி மாறவில்லை. மேக்குக்கான விதிகளை எழுதும் மேக்ஃபைலில் ஒவ்வொரு கட்டளை வரியும் டேப் விசையில்தான் தொடங்க வேண்டும், வெற்றிடங்கள் செல்லாது என்ற எரிச்சலூட்டும் விதியும் அன்றிலிருந்தே வருகிறது. தவறு தெரிந்தபோது ஏற்கெனவே பன்னிரண்டு பேரளவில் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்ததால், அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று விட்டுவிட்டதாக ஃபெல்ட்மன் பின்னாளில் கூறியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிய தாட்சண்யத்தின் விலையை இன்றுவரை எத்தனை பேர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கணக்கிட முடியாது.

மேக்கால் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று 1980களின் இறுதியில் முற்றியது. அன்று யூனிக்ஸ் என்பது ஒரே இயங்குதளமாக இல்லை. சன்ஓஎஸ், ஹெச்பி-யூஎக்ஸ், ஏஐஎக்ஸ், ஐரிக்ஸ், அல்ட்ரிக்ஸ் என்று நிறுவனத்துக்கு ஒன்றாகப் பிரிந்து கிடந்தது. ஒன்றில் இருக்கும் செயற்கூறு மற்றொன்றில் இருக்காது. இருந்தாலும் வேறு தலைப்புக் கோப்பில் இருக்கும். அதிலும் இருந்தால் சற்று வேறு விதமாக நடந்துகொள்ளும். மென்பொருளை எழுதியவர் இத்தனை கணினிகளையும் வைத்துக்கொண்டு சோதிக்க இயலாது. க்னூ திட்டத்தின் பல சிறு கருவிகளைப் பராமரித்துவந்த டேவிட் மெக்கென்சி, இதற்குத் தீர்வாக, கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃபை 1991இல் எழுதத் தொடங்கினார். இயங்குதளத்தின் பெயரை வைத்து அதன் குணத்தை ஊகிக்காமல், எது இருக்கிறது எது இல்லை என்று அந்தக் கணினியிடமே கேட்டுவிடுவது என்பதே அவர் கைக்கொண்ட வழி.

கேட்கும் முறை எளிமையானது, ஓரளவு முரட்டுத்தனமானதும்கூட. ஒரு செயற்கூறு இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால், அதை அழைக்கும் நாலைந்து வரி சி நிரல் ஒன்றை கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் தற்காலிகமாக எழுதுகிறது. அதைக் கம்பைலரிடம் கொடுத்துப் பார்க்கிறது. கம்பைல் ஆனால் ‘ஆம்’, ஆகாவிட்டால் ‘இல்லை’. ஏன் ஆகவில்லை என்று அது ஆராய்வதில்லை. உண்மையிலேயே அந்த வசதி இல்லாமலிருக்கலாம். சோதனை நிரலிலேயே எழுத்துப்பிழை இருக்கலாம். கம்பைலருக்குக் கொடுத்த வேறேதோ விருப்பத்தேர்வு இடித்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான். இப்படி நூற்றுக்கணக்கான சிறு சோதனைகளின் முடிவுகளைத் திரட்டி, ஒரு தலைப்புக் கோப்பையும் மேக்ஃபைல்களையும் அது எழுதி முடிக்கிறது. அதன் பிறகு கம்பைலர் பார்ப்பது இந்த முடிவுகளின்படி வடிகட்டப்பட்ட நிரலையே. மூலக் கோப்பில் ஆயிரம் வரிகள் இருந்தாலும், ‘இல்லை’ என்ற ஒரு விடை அவற்றில் இருநூறைக் கம்பைலரின் கண்ணிலிருந்து மறைத்துவிட முடியும்.

புதிதாக முயல்வோரைத் தடுக்கி விழச் செய்யும் இடமும் இதையொட்டியே வருகிறது. ஒரு நூலகம் கணினியில் நிறுவப்பட்டிருக்கிறது, அதைப் பயன்படுத்தும் நிரல்கள் ஓடவும் செய்கின்றன. ஆனாலும் கான்ஃபிகர் அது இல்லை என்கிறது. லினக்ஸையும் மென்பொருள்களையும் பொதிகளாகத் தொகுத்துத் தரும் டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற வழங்கல்கள் ஒவ்வொரு நூலகத்தையும் இரண்டாகப் பிரித்துத் தருவதே காரணம். நிரல் ஓடுவதற்கு வேண்டிய பகுதி ஒரு பொதியில் இருக்கும். நிரலைக் கட்டுவதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் வேறொரு பொதியில் இருக்கும். இந்த இரண்டாவது பொதியின் பெயர் டெபியன் வழியில் ‘டெவ்’ என்றும், ஃபெடோரா வழியில் ‘டெவல்’ என்றும் முடியும். சாதாரணப் பயனருக்கு அது தேவையில்லை என்பதால் தானாக நிறுவப்படாது. கட்ட முற்படுகிறவர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பொதி இல்லாமற்போனால் கான்ஃபிகர் பிழை காட்டி நின்றுவிடும் என்றால் சிக்கலே இல்லை. கட்டாயத் தேவைகள் விடுபட்டால் அது நிற்கத்தான் செய்யும். விருப்பத் தேவைகளுக்கு அப்படியில்லை. அந்த வசதியைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு மேலே போகும். இமேஜ்மேஜிக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ் எழுதுகிறவர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ளதும்கூட. படங்களின் மேல் எழுத்துகளைப் பொறிக்கும் இந்தக் கருவி, சிக்கலான எழுத்துமுறைகளை ஒழுங்குபடுத்த ராக்ம் என்னும் நூலகத்தை நம்பியிருக்கிறது. ராக்ம் தன் பங்குக்கு ஹார்ஃப்பஸ் நூலகத்தைக் கொண்டு வேலை செய்கிறது. யூனிகோடில் ‘கெ’ என்பது ககரத்தை முதலிலும் ஒற்றைக்கொம்பை அடுத்தும் வைத்தே சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறியீடு இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். ‘கு’, ‘டூ’ போன்றவற்றில் இரண்டு குறியீடுகள் சேர்ந்து ஒரே வடிவமாக வேண்டும். இந்த மாற்றங்களையெல்லாம் செய்வது ஹார்ஃப்பஸ். அது இல்லாமல் கட்டப்பட்ட இமேஜ்மேஜிக், சேமித்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரைந்துகொண்டு போகும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உகரக் குறி தனியே தொங்கும். நல்ல எழுத்துருவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்களுக்குப் பலன் கிடைக்காது, ஏனென்றால் கோளாறு எழுத்துருவில் இல்லை.

இமேஜ்மேஜிக்கின் கான்ஃபிகர் இதை மறைத்துவிடவும் இல்லை. ஓடி முடிந்ததும் ஒரு நீண்ட அட்டவணையை அச்சிடுகிறது. அதில் ராக்ம் வரியில் ஒரு நெடுவரிசை, கேட்கப்பட்டது ‘ஆம்’ என்று சொல்லும். பக்கத்து நெடுவரிசை, கிடைத்தது ‘இல்லை’ என்று சொல்லும். இரண்டும் முரண்பட்டாலும் கட்டுமானம் தடையின்றித் தொடரும், மேக் பிழையின்றி முடியும், நிறுவலும் நடக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்து, ராக்மின் டெவ் பொதியை நிறுவி, மீண்டும் முதலிலிருந்து கட்டினால் தமிழ் ஒழுங்காக வரும். நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

காணொளிக் கருவியான எஃப்எஃப்எம்பெக் இதே விஷயத்தில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அதன் கான்ஃபிகரும் அதே பெயரில் இருந்தாலும் ஆட்டோகான்ஃப் உருவாக்கியதல்ல. அந்தத் திட்டத்தினர் கையால் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட். பெரும்பாலான வெளி நூலகங்களை அது தானாகத் தேடிச் சேர்த்துக்கொள்வதில்லை. பெயர் சொல்லி இயக்கும்படி கேட்க வேண்டும். கேட்ட நூலகம் கிடைக்காவிட்டால் உடனே நின்றுவிடும். இது கண்டிப்பான முறை, என் பார்வையில் நேர்மையான முறையும்கூட. காணொளியின் மேல் எழுத்துப் பொறிக்கும் டிராடெக்ஸ்ட் வடிகட்டி, 2023 நவம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்துதான் ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதற்கு முன் அதில் தமிழ் உடைந்தே வந்ததால், வசன வரிகளாக எழுதி, ஹார்ஃப்பஸை அறிந்த லிப்ஆஸ் நூலகம் வழியாகப் படத்தில் பதிப்பதே மாற்றுவழியாக இருந்தது. புதிய பதிப்பில், எழுத்துருக்களை வரையும் ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் ஆகிய இரண்டு நூலகங்களையும் கேட்டுக் கட்டினால் டிராடெக்ஸ்ட் தமிழை முறையாக எழுதும். பழைய குறிப்பைப் பார்த்து ஃப்ரீடைப்பை மட்டும் கேட்டவருக்கோ, அப்படியொரு வடிகட்டியே கிடையாது என்ற பதில் வரும்.

எஃப்எஃப்எம்பெக்கின் கான்ஃபிகர் உரிமத்தையும் தீர்மானிக்கிறது என்பது பலர் கவனிக்காத செய்தி. எந்தத் தேர்வும் கொடுக்காமல் கட்டினால் கிடைப்பது எல்ஜிபிஎல் என்னும் தளர்வான கட்டற்ற உரிமத்தின் கீழ் வரும் நிரல். ஹெச்.264 வடிவில் குறியாக்கம் செய்யும் எக்ஸ்264 நூலகம் வேண்டுமென்றால், இன்னும் கண்டிப்பான கட்டற்ற உரிமமான ஜிபிஎல்லுக்குரிய தேர்வை இயக்க வேண்டும். உடனே முழு நிரலும் ஜிபிஎல் விதிகளுக்குள் வந்துவிடும். எஃப்டிகே-ஏஏசி ஒலி நூலகத்தையும் அதனுடன் சேர்க்க விரும்பினால் ‘கட்டற்றதல்ல’ என்று வெளிப்படையாகப் பெயர் சொல்லும் இன்னொரு தேர்வை இயக்க வேண்டும். அப்படிக் கட்டியதை நீங்கள் உங்கள் கணினியில் பயன்படுத்தலாம், பிறருக்கு விநியோகிக்க முடியாது. மூன்றும் ஒரே மூலநிரலிலிருந்து பிறந்தவை. வழங்கல்களின் ஆயத்தப் பொதிகளில் அந்தக் கடைசி வகை எஃப்எஃப்எம்பெக் ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்விக்கு விடையும் இதுவே. வழங்கல் என்பது விநியோகிப்பதற்காகவே இருப்பது. விநியோகிக்க முடியாததைக் கட்டிக்கொள்ளும் உரிமை பயனருக்கு மட்டுமே உண்டு.

ஆட்டோகான்ஃப் முதுமையடைந்துவிட்டது என்பதில் இன்று அதிகம் பேருக்குக் கருத்து வேறுபாடு இல்லை. கிட்வேர் நிறுவனம் 2000ஆம் ஆண்டுவாக்கில் உருவாக்கிய சிமேக் என்னும் கட்டுமானக் கருவி, சி பிளஸ் பிளஸ் உலகில் பரவலாக நிலைபெற்றுவிட்டது. லினக்ஸின் மேசைத்தளச் சூழல்களில் ஒன்றான கேடிஇ தன் நான்காம் பதிப்புக்காக அதற்கு மாறியது. பின்லாந்தைச் சேர்ந்த யுஸ்ஸி பாக்கனென் தொடங்கிய மெசான் என்னும் இன்னொரு கட்டுமானக் கருவிக்கு, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி 2017இல் மாறியது. மற்றொரு மேசைத்தளச் சூழலான க்னோமின் திட்டங்களும் பெருமளவில் மாறின. மேலே சொன்ன சத்தமில்லாத கழற்றலுக்கு மெசான் ஒரு நல்ல மருந்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு விருப்ப வசதிக்கும் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘கிடைத்தால் சேர்’ என்று மூன்று நிலைகள் உண்டு. ‘கிடைத்தால் சேர்’ என்றிருப்பவை அனைத்தையும் ஒரே தேர்வால் ‘வேண்டும்’ என்றாக்கிவிடலாம். ஃபெடோரா தன் பொதிகளைக் கட்டும்போது அப்படித்தான் செய்கிறது. ஏதேனும் ஒரு டெவல் பொதி விடுபட்டிருந்தால் கட்டுமானம் தோற்றுப்போகும். அரைகுறையாக வெற்றி பெறுவதைவிட அது மேல்.

ஆட்டோகான்ஃபின் வடிவமைப்பில் இருந்த ஒரு நல்லெண்ணம், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எதிர்பாராத விதத்தில் சுட்டது. கான்ஃபிகர் ஸ்கிரிப்டை யாரும் கையால் எழுதுவதில்லை. உருவாக்குநர் எழுதுவது ஒரு சிறு விவரக் கோப்பை. எம்4 என்னும் மேக்ரோ மொழியின் துணையுடன் ஆட்டோகான்ஃப் அதைப் பல்லாயிரம் வரி ஷெல் ஸ்கிரிப்டாக விரித்துத் தருகிறது. மென்பொருளைக் கட்டுகிறவரின் கணினியில் ஆட்டோகான்ஃபோ எம்4ஓ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது, ஒரு ஷெல்லும் கம்பைலரும் போதும் என்பது அன்றைய கொள்கை. ஆகவே விரிந்த ஸ்கிரிப்டையும் அதற்குத் துணையான எம்4 கோப்புகளையும் உள்ளே வைத்தே, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய வெளியீட்டு டார் கோப்பைத் தயாரித்தார்கள். மாற்றங்களின் வரலாற்றோடு மூலநிரலைச் சேமிக்கும் கிட் களஞ்சியங்கள் வந்த பிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது. விளைவாக, உருவாக்கப்பட்ட கோப்புகள் களஞ்சியத்தில் இருக்காது, டார் கோப்பில் மட்டும் இருக்கும் என்ற வேறுபாடு இயல்பானதாகிவிட்டது. இரண்டும் பொருந்தாமலிருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத அளவுக்கு இயல்பாகிவிட்டது.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. அதன் நூலகமான லிப்எல்இசட்எம்ஏ ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஜியா டான் என்ற பெயரில் அந்தத் திட்டத்துக்குப் பங்களித்து, நம்பிக்கையைப் பெற்று, இணைப் பராமரிப்பாளராக உயர்ந்த ஒருவர், 2024 பிப்ரவரியில் 5.6.0 பதிப்பையும் மார்ச்சில் 5.6.1 பதிப்பையும் வெளியிட்டார். அந்த டார் கோப்புகளில் இருந்த எம்4 கோப்புகளில் ஒன்று, பலரும் பயன்படுத்தும் க்னூலிப் தொகுப்பில் உள்ள கோப்பின் பெயரையே கொண்டிருந்தது. உள்ளே சில வரிகள் மட்டும் மாற்றப்பட்டிருந்தன. களஞ்சியத்தில் அது இல்லை. கான்ஃபிகர் ஓடும்போது அந்த வரிகள், சோதனைக்கான சிதைந்த சுருக்கக் கோப்பு என்ற பெயரில் களஞ்சியத்தில் வெளிப்படையாகவே கிடந்த ஒரு கோப்பைப் பிரித்து, அதிலிருந்து இன்னொரு ஸ்கிரிப்டை எடுத்து ஓட்டின. அது மற்றொரு சோதனைக் கோப்புக்குள் மறைந்திருந்த, ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்ட பகுதியை எடுத்து நூலகத்துடன் இணைத்தது. சி மொழியில் எழுதிய மூலநிரலை வரிக்கு வரி வாசித்தவருக்கும் எதுவும் அகப்பட்டிருக்காது.

அந்த ஸ்கிரிப்ட் கவனமாக ஆள் பார்த்தே வேலை செய்தது. 64 பிட் எக்ஸ்86 லினக்ஸா, கம்பைலர் ஜிசிசியா, கட்டுவது டெபியன் பொதிக்காகவா அல்லது ஃபெடோரா போன்றவை பயன்படுத்தும் ஆர்பிஎம் பொதிக்காகவா என்று பார்த்து, எல்லாம் பொருந்தினால் மட்டுமே பின்கதவைச் சேர்த்தது. ஆகவே அதே டார் கோப்பை இறக்கித் தன் கணினியில் கையால் கட்டிக்கொண்டவர் தப்பித்தார். அவர் எச்சரிக்கையாக இருந்ததால் அல்ல. அவர் இலக்காக இல்லாததால். குறி, தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச் சேவையகம். சுருக்கும் நூலகத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் சிஸ்டம்டியுடன் பேசுவதற்காகச் சில வழங்கல்கள் அதில் தாமாகச் சேர்த்த ஒட்டு, அதாவது நிரல்திருத்தம், சிஸ்டம்டி நூலகத்தை உள்ளே கொண்டுவந்தது, அது லிப்எல்இசட்எம்ஏவையும் கூட்டி வந்தது. போஸ்ட்கிரஸ் தரவுத்தள உருவாக்குநரும் மைக்ரோசாஃப்ட் பொறியாளருமான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், எஸ்எஸ்ஹெச் நுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, காரணம் தேடிப் போய் இதைக் கண்டுபிடித்தார். 2024 மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்தார். டெபியனின் நிலையான பதிப்புக்கு அது அப்போது எட்டியிருக்கவில்லை. சோதனைக் கிளைகளிலும் ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகளிலும் நுழைந்திருந்தது.

மூலநிரல் திறந்திருந்தால் யாரோ ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற வாதத்தின் எல்லையை இந்தச் சம்பவம் துல்லியமாகக் காட்டிவிட்டது. பார்ப்பவர்கள் நிரலைப் பார்க்கிறார்கள். நிரலைக் கட்டும் ஸ்கிரிப்டைப் பார்ப்பதில்லை. அதே எக்ஸ்இசட்டின் சிமேக் கோப்பில், ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரலுக்குள் ஒற்றைப் புள்ளி ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. புள்ளி இருந்ததால் அந்தச் சோதனை நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. ஆகாததால் விடை எப்போதும் ‘இல்லை’. ஆகவே அந்தப் பாதுகாப்பு வசதி எப்போதும் கழற்றப்பட்டுவிடும். மெக்கென்சியின் முறையில், ‘ஏன் ஆகவில்லை’ என்று கேட்காத அந்தப் பழக்கத்தை, புரிந்துவைத்திருந்த ஒருவர் ஆயுதமாக்கிக்கொண்டார்.

இதற்குப் பிறகு டார் கோப்பை நம்பாமல் களஞ்சியத்திலிருந்தே நேரடியாகக் கட்ட வேண்டும் என்ற குரல் வலுத்தது. மெசானின் வெளியீட்டுக் கட்டளை ஏற்கெனவே, களஞ்சியத்தில் பதிவான நிலையிலிருந்தே டார் கோப்பை எடுக்கும்படி அமைந்திருந்தது. இணையத்தில் தரவைப் பரிமாறும் கருவியான கர்லின் திட்டம், தன் வெளியீட்டு டார் கோப்பை எவரும் களஞ்சியத்திலிருந்து மறுபடி உருவாக்கி, பைட்டுக்கு பைட் ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் வசதியைச் செய்து தந்தது. டெபியன் 2013 முதல் முன்னெடுத்துவரும் மீளுருவாக்கக் கட்டுமான முயற்சி இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒரே மூலநிரலை, ஒரே கருவிகளைக் கொண்டு, வெவ்வேறு கணினிகளில் கட்டினாலும் ஒரே கோப்பு கிடைக்க வேண்டும். கட்டிய நேரம், கட்டிய அடைவின் பெயர், கோப்புகள் பட்டியலாகும் வரிசை, கணினியின் மொழி அமைப்பு என எத்தனையோ அற்ப விஷயங்கள் இறுதிக் கோப்புக்குள் கசிந்துவிடுவதால் இது சொல்வதைவிடக் கடினம். கசிவை அடைத்துவிட்டால், ஒரு வழங்கல் தரும் பொதி அது காட்டும் மூலநிரலிலிருந்துதான் வந்ததா என்பதை எவரும் தாமே கட்டிப் பார்த்து உறுதிசெய்யலாம்.

அப்போதும் கம்பைலர் மிஞ்சுகிறது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில், பின்கதவை மூலநிரலில் வைக்காமல் கம்பைலரில் வைப்பது எப்படி என்று விளக்கினார். அந்தக் கம்பைலர் தன்னைத்தானே கட்டும்போது பின்கதவை மறுபடி தனக்குள் சேர்த்துக்கொள்ளும். கம்பைலரின் மூலநிரலில் எந்தத் தடயமும் இருக்காது. ஜிசிசியைக் கட்ட ஜிசிசி வேண்டும் என்பதால் இந்தச் சங்கிலிக்கு முடிவு இருப்பதாகத் தோன்றவில்லை. 2023இல் கிய்க்ஸ் என்னும் லினக்ஸ் வழங்கலின் திட்டம் அந்தச் சங்கிலியை அதன் அடிவரை இறக்கிக் காட்டியது. வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு விதை நிரலில் தொடங்கி, அதைக் கொண்டு சற்றுப் பெரிய கருவி, அதைக் கொண்டு இன்னும் பெரிய கருவி என்று படிப்படியாக ஜிசிசி வரை மூலநிரலிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தார்கள். 357 பைட்டை ஒரு மனிதர் உட்கார்ந்து சரிபார்க்க முடியும்.

வழங்கல்களையும் அப்படியே நம்பிவிட முடியாது என்பதற்கு எக்ஸ்இசட்டைவிடப் பழைய சான்று உண்டு. 2006இல் டெபியன், இணையத் தொடர்புகளை மறையாக்கும் நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லின் தன் பொதியில், நினைவகச் சோதனைக் கருவி எச்சரித்த ஒரு வரியை விலக்கியது. அந்த வரிதான் தற்செயல் எண்களுக்கு வேண்டிய தற்செயல்தன்மையைச் சேர்த்துவந்தது. 2008 மே மாதத்தில் இது தெரியவந்தபோது, அந்தப் பொதியைக் கொண்டு உருவான ரகசியத் திறவிகள் ஒவ்வொரு வகைக்கும் சுமார் 32,000 சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டன என்று வெளிப்பட்டது. மூல வெளியீட்டிலிருந்து தாமே கட்டிக்கொண்டவர்களுக்கு இந்தப் பாதிப்பு இல்லை.

மறுபக்கமும் உண்டு. 2014 ஏப்ரல் 7 அன்று ஓபன்எஸ்எஸ்எல்லின் இதயத்துடிப்பு என்னும் வசதியில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை அறிவிக்கப்பட்டபோது, வழங்கலின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியைப் பயன்படுத்தியவர்கள் ஒரு புதுப்பிப்புக் கட்டளையுடனும் மறுதொடக்கத்துடனும் நிரலைத் திருத்திக்கொண்டார்கள். கையால் கட்டியவர்கள், எந்தெந்தச் சேவையகத்தில் எந்தப் பதிப்பைக் கட்டினோம், எந்த நிரலுக்குள் அதை நிலையாகப் பிணைத்தோம் என்று தேடவேண்டியிருந்தது. சுவையான செய்தி என்னவென்றால், புதிய பதிப்புக்கு உடனே மாற முடியாதவர்களுக்கு ஓபன்எஸ்எஸ்எல் குழு தன் அறிவிப்பிலேயே சொன்ன மாற்று, இதயத்துடிப்பு வசதியை நீக்கும் கட்டுமானத் தேர்வுடன் அதே பழைய மூலநிரலை மறுபடி கட்டுங்கள் என்பதுதான். அந்த வசதி பெரும்பாலானோருக்குத் தேவையே இல்லை; இயல்பாக இயக்கப்பட்டிருந்ததால் எல்லோரிடமும் இருந்தது.

மேக் இன்ஸ்டால் கட்டளையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஆனால் தவறினால் தொல்லை அதிகம். வேறு சொல்லாவிட்டால் அது கோப்புகளை யூஎஸ்ஆர் அடைவுக்குள் உள்ள லோக்கல் அடைவில் கொண்டுபோய் வைக்கும். கணினி நிர்வாகி தாமாக நிறுவுபவற்றுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் அது. வழங்கலின் பொதிகளை நிறுவவும் நீக்கவும் செய்யும் பொதி மேலாளிக்கு இந்த நிறுவல் தெரியாது. எந்தக் கோப்பு எங்கே போனது என்ற பதிவும் இல்லை. புதிய நூலகம் அங்கே வந்து அமர்ந்ததை ஓட்டநேர இணைப்பானுக்குத் தெரிவிக்க எல்டிகான்ஃபிக் கட்டளையை இயக்க வேண்டும். மறந்தால், இருக்கும் நூலகத்தையே காணவில்லை என்று நிரல் முறையிடும். தலைமைப் பயனர் உரிமையைத் தேவையின்றிக் கொடுக்காமல், கான்ஃபிகருக்கு முன்னொட்டு அடைவாக வீட்டு அடைவுக்குள் தனி இடமொன்றைக் காட்டிவிட்டால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி வராது. வேண்டாமென்றால் அந்த அடைவை நீக்கினால் முடிந்தது.

வேகத்துக்காகக் கட்டுவது என்பது மிகைப்படுத்தப்பட்ட காரணம் என்றே கருதுகிறேன். தன் செயலிக்கென்றே மெருகேற்றிக் கட்டினால் கணக்கீடு மிகுந்த சில நிரல்களில் பலன் தெரியும். உரைத்திருத்தியிலும் முனையத்திலும் தெரியாது. எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்தே கட்டும் மரபுக்குப் பெயர்போன ஜென்டூ வழங்கல்கூட 2023 டிசம்பர் இறுதியில், ஆயத்தமாகக் கட்டிய பொதிகளைப் பரவலாக வழங்கத் தொடங்கியது. எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொரு பொதிக்கும் தேர்ந்தெடுக்க உதவும் அதன் யூஸ் கொடிகளுக்காகவே நிறையப் பேர் அதில் தங்கியிருக்கிறார்கள். அந்தத் தேர்வுகள், கான்ஃபிகருக்குக் கொடுக்கும் தேர்வுகளுக்கு ஒழுங்கான பெயரும் முறையும் கொடுத்தவையே.

ஒரே ஒரு வசதிக்காக மட்டும் மூலநிரலைத் தொட வேண்டியிருப்பவருக்கு இடைவழி ஒன்று உண்டு. வழிகாட்டிகள் அதை அரிதாகவே சொல்கின்றன. டெபியனிலும் உபுண்டுவிலும் பொதி மேலாளியான ஆப்ட் கட்டளையே வழங்கலின் மூலப் பொதியை இறக்கித் தரும். கட்டுவதற்கு வேண்டிய டெவ் பொதிகள் அனைத்தையும் பில்ட்-டெப் என்ற துணைக்கட்டளை ஒரே வீச்சில் நிறுவும். மூலப் பொதிக்குள் உள்ள டெபியன் அடைவில் ரூல்ஸ் என்ற கோப்பு இருக்கும். கான்ஃபிகருக்குக் கொடுக்கும் தேர்வுகள் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். வேண்டிய தேர்வைச் சேர்த்து, பதிப்பெண்ணின் இறுதியில் தன் அடையாளமாக ஒரு பின்னொட்டை இட்டு, பொதியாகவே கட்டிக்கொண்டால், பொதி மேலாளி அதை அறிந்திருக்கும், ஒரே கட்டளையில் நீக்கவும் முடியும். வழங்கல் அதைவிடப் புதிய பதிப்பை வெளியிடும் நாளில் உங்கள் பொதியின் இடத்தில் வழங்கலின் பொதி வந்து அமர்ந்துவிடும். ராக்ம் தேர்வைச் சேர்க்க வேண்டியிருந்தால், அன்றைக்கு அதே ரூல்ஸ் கோப்பைத் திறந்து அதே வரியை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.